நடு அறைக்கு வந்த வெயில்

எங்கள் வீட்டில் பகல் பத்து மணிக்கு விளக்கேற்றுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்தால் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். துக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. நடு அறையில் ஜன்னல் இல்லை, அவ்வளவுதான்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, புதுநகரத்தில் பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் இருந்தது அந்த வீடு. முன்பக்கம் தெருவைப் பார்த்துப் பலசரக்குக் கடை. பின்பக்கம் சமையலறை, அதற்கப்பால் கிணறு. இரண்டுக்கும் நடுவே நீளமாக ஓர் அறை. அதன் பக்கச் சுவர்கள் இரண்டும் அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் பொது, அதனால் அவற்றில் ஓட்டை போட முடியாது. கடைக்குப் போகிற கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள், ஆண்கள் வந்து போகிற இடமென்று. சமையலறைக் கதவைத் திறந்தாலோ வெளிச்சத்துக்கு முன்னால் புகை வந்துவிடும். கரண்டுக் கம்பம் பள்ளிவாசல் முக்கு வரை வந்து அங்கேயே நின்றுபோயிருந்தது. ஆகவே சிம்னி விளக்கு. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம் அது. கடைக்கு வந்து கேட்கிறவர்களுக்குப் பெரியத்தா கையை விரிப்பார். கதவுக்கு இந்தப் பக்கம் பட்டப்பகலில் எங்கள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

பெரியத்தா என்பவர் அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், அண்ணன். பெரியம்மா காலமான பிறகு தன் இரண்டு மகன்களோடு எங்களுடனேயே இருந்தார். கடையிலும் சரி வீட்டிலும் சரி, அவர் சொன்னதுதான் நடக்கும். அத்தா அவருக்கு மறுபேச்சுப் பேசி நான் கேட்டதே இல்லை. அத்தா பொதுவாகவே அதிகம் பேசமாட்டார். கடையில் சாமான் நிறுக்கும்போதுகூடத் தராசைப் பார்ப்பாரே தவிர ஆளைப் பார்க்கமாட்டார்.

அக்காவுக்கு அப்போது பதினாலு வயது, எனக்கு எட்டு. வயதுக்கு வந்ததும் அவளை ஏழாவதோடு நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் நின்றதே தவிர அவள் படிப்பதை நிறுத்தவில்லை. கூடப் படித்த ஒருத்தியின் பழைய எட்டாவது புத்தகங்கள், கடையில் பொட்டலம் கட்ட வாங்குகிற பழைய காகிதங்கள், சில சமயம் என்னுடைய மூன்றாம் வகுப்புப் பாடம், எது கையில் கிடைத்தாலும் விளக்கடியில் உட்கார்ந்து படிப்பாள். நாளெல்லாம் அந்த அறையில்தான் இருந்தாள். கிணற்றடிக்குப் போவதும் பொழுது சாய்ந்த பிறகுதான்.

ஒருநாள் முற்பகலில் விளக்கை மிகவும் கிட்டத்தில் வைத்துக்கொண்டு குனிந்து படித்தவளின் தாவணி முனையில் தீப் பிடித்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் சமையலறையிலிருந்து அரிசி கழுவின தண்ணீரைச் சட்டியோடு கொண்டுவந்து கொட்டினாள். தீ அணைந்தது. அக்காவின் இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிருந்தது.

பெரியத்தாவுக்கும் வருத்தம்தான். வைத்தியரைக் கூட்டிவந்தார். மருந்து போட்டு முடித்ததும் சொன்னார்:

"இனி விளக்கை உசரத்துல மாட்டுங்க. புள்ளையைத் தள்ளி உக்காரச் சொல்லுங்க."

விளக்கு உயரத்துக்குப் போனது. அதன் வெளிச்சமும் கூடவே மேலே போய்விட்டது. அக்கா புண்பட்ட கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு, விளக்கடியில் நின்றபடி படிக்கத் தொடங்கினாள்.

அந்த வருஷம் பெருநாளுக்கு மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி. மலைமேல் வண்டன்மேட்டில், ஏலக்காய் உலர்த்துகிற ஒரு ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலைக்கு மேற்பார்வை. அவர் வந்தால் ஆளுக்கு முன்னால் ஏலக்காய் வாசனை வரும். அவர் போய் மூன்று நாள் வரை தலையணையில் இருக்கும். அக்கா நின்றுகொண்டு படிப்பதையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"என்னக்கா இது, எங்க ஸ்டோர்ல ஏலக்காய்க்குக் கிடைக்கிற வெளிச்சம்கூட உங்க ஊட்டுல மனுசருக்குக் கிடைக்கிறதில்லையே."

ஏலக்காய் நல்ல பச்சையா, வெளிறிப் போனதா என்று விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியாதாம். எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரியுமாம். அதனால் தரம் பிரிக்கிற அறையில் கூரை ஓடுகளுக்கு நடுவே கண்ணாடி ஓடுகள் போட்டிருக்கிறார்களாம். "நம்ம ஓட்டைப் போலவே இருக்கும், அதே அளவு. ரெண்டு ஓட்டை எடுத்துட்டு ரெண்டைச் சொருகினாப் போதும். திரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பொழுது விடிஞ்சா அதுவாட்டுக்கு எரியும்" என்றார்.

பெரியத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் மிளகாய் மண்டி. அந்தப் பகுதியில் மாடி உள்ள கட்டடம் அது ஒன்றுதான். அதன் மேல்ஜன்னல் எங்கள் கூரையைப் பார்த்தபடி இருந்தது.

"மண்டி மாடியில நாளெல்லாம் ஆளுக ஏறி எறங்கறாங்க. ஓட்டுல கண்ணாடியைப் போட்டா நம்ம ஊட்டுப் பொம்பளைகளை ஊருக்குக் காட்டற மாதிரி ஆயிரும். அது சரிப்படாதுங்க மாப்பிள்ளை."

"சரிங்க மச்சான்" என்றார் மாமா. அவ்வளவு அடக்கமாக அவர் பேசி நாங்கள் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில் மாமா திடீரென்று வந்து நின்றார். பழைய கம்பளியில் சுற்றிய ஒரு பொதியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். மலையிலிருந்து கம்பம் இறங்கி, பஸ் மாறி மாறி, பொள்ளாச்சி வழியாக இங்கே வந்து சேரும் வரை அதை மடியை விட்டு இறக்கவில்லையாம். திண்டுக்கல்லில் ஏறிய ஓர் அம்மாள், குழந்தையை இப்படிக் கொடு, கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாளாம். தூங்குகிறது என்று சொல்லிச் சமாளித்தாராம். கம்பளிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் இரண்டு கண்ணாடி ஓடுகள். கனமாக, இலேசான பச்சை நிறத்தில், உள்ளே சின்னச் சின்னக் குமிழிகளோடு இருந்தன.

வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை. பெரியத்தா முதல் பஸ்ஸில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். இது மாமாவுக்கு நன்றாகத் தெரியும்.

கிணற்றடிப் பக்கமாக ஏணி வைத்து மாமா கூரைமேல் ஏறினார். தலைக்கு மேலே ஓடுகள் கடகடவென்று சத்தம் போட்டன. கதவின் மறுபக்கம் கடையில் யாரோ, "என்னங்க, கூரைமேல பூனையா?" என்று கேட்பது எங்களுக்குக் கேட்டது. "பூனைதான்" என்றார் அத்தா. கொஞ்சம் பெரிய சத்தமாக வந்தபோது, "ரெண்டு பூனை" என்றார். அத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதலில் இரண்டு ஓடுகள் விலகின இடத்தில் வானம் தெரிந்தது. வெயில் நேராக அறைக்குள் இறங்கி நின்றது. தூசி அதில் மேலும் கீழும் அலைந்தது. பிறகு மாமா கண்ணாடியைச் சொருகினார். தரையில் ஒரு பாய் அளவுக்கு வெளிச்சம் விரிந்து கிடந்தது. அக்கா அதன் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காயம்பட்ட கையை மட்டும் அதற்குள் நீட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். புண் ஆறித் தோல் சுருங்கியிருந்தது. அந்தத் தழும்பை அவளே அன்றுதான் சரியாகப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். "இவ்வளவுதானா" என்றாள்.

அம்மா பார்த்தது வேறு. அவள் சுவரைப் பார்த்தாள். பல வருஷத்து விளக்குக் கரி கறுப்பாகப் படிந்து கிடந்தது. மூலையெல்லாம் ஒட்டடை. எத்தனையோ நாளாகத் தேடிக்கொண்டிருந்த என்னுடைய கொலுசு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் மின்னியது. அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. இத்தனை நாள் இதற்குள்ளா சோறு போட்டேன் என்று சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகினாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை நாங்கள் மூன்று பேரும் தேய்த்தோம், கழுவினோம், பெருக்கினோம். மாமா கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து இறைத்துக் கொடுத்தார்.

பெரியத்தா சந்தையிலிருந்து வரும்போது இருட்டிவிட்டது. வழக்கம்போல விளக்கடியில் சாப்பிட்டார். ஓடு தெரிய வழியில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்னமோ இன்னைக்கு ஊடு வெளுப்பா இருக்குதே" என்றார். மாமா தட்டை நீட்டி, "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றார்.

விடிந்ததும் எல்லாம் தெரிந்துபோனது. காலையில் எதற்கோ நடு அறைக்கு வந்த பெரியத்தா, கதவைத் திறந்த கையோடு நின்றுவிட்டார். மேலே பார்த்தார். அக்கா வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார். கதவுக்குப் பின்னால் நின்று நானும் அம்மாவும் கேட்டோம்.

"மாப்பிள்ளை, நான் வேண்டாம்னு சொன்னேனுங்களா இல்லீங்களா?"

"சொன்னீங்க மச்சான்."

"பின்னே?"

"புள்ளை கை வெந்துபோச்சுங்க மச்சான்."

"கை வெந்தது எனக்கும்தான் வருத்தம். அதுக்காக மானத்தை ஓட்டுமேல ஏத்தி வைக்கறதா? மத்தியானத்துக்குள்ள கழட்டிருங்க."

அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் அழுந்தின. உள்ளே திரும்பிப் பார்த்தேன். அக்கா மறுபடி வெளிச்சத்துக்கு வந்து, முன்பைவிட வேகமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு முடித்துவிட வேண்டும் என்பதைப்போல.

அதற்குப் பிறகு கடையில் வியாபாரம் நடந்தது. யாரோ வந்து சீரகம் வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தா புகையிலை வாங்கிவருகிறேன் என்று சொல்லி வெளியே போய்விட்டுத் திரும்பினார். வந்து உட்கார்ந்த பிறகு அவர் குரல் கேட்டது.

"அண்ணே, மாடியிலிருந்து தெரியுதா இல்லையான்னு பார்த்துட்டாப் போச்சு. தெரிஞ்சாக் கழட்டிரலாம்."

"சரி. பெரியவனை அனுப்பிப் பார்க்கச் சொல்றேன்" என்றார் பெரியத்தா. பெரியவன் என்றது அவருடைய மூத்த மகனை.

"பொம்பளைப் புள்ளை இருக்கிற அறையை எட்டிப் பார்க்க ஆம்பளைப் பையனையா அண்ணே அனுப்பறது?"

பெரியத்தாவின் நியாயத்தையே எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டார் அத்தா. அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. "உள்ளதை உள்ளபடி வந்து சொல்லணும்" என்று பெரியத்தா என்னிடம் சொல்லி அனுப்பினார்.

மண்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாடிக்குப் போகணுங்க என்றதும், "எதுக்கு கண்ணு, மொளகாயை எண்ணறதுக்கா?" என்று சிரித்து வழி விட்டார். படி ஏறும்போதே தும்மல் பிடித்துக்கொண்டது. மாடி முழுக்க மூட்டைகள். காற்றே காரமாக இருந்தது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஊற்ற, ஜன்னலைத் தேடிப்போய் நின்றேன்.

கீழே எங்கள் கூரை. இத்தனை சின்னதா எங்கள் வீடு என்று இருந்தது. கண்ணாடி ஓடுகள் இரண்டும் வெயிலில் பளீரென்று எரிந்தன. கண் கூசியது. உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. திரும்பியிருக்கலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி பார்க்க வேண்டுமே என்று ஒரு மூட்டையைச் சுற்றிப் பக்கவாட்டில் போய் நின்று மறுபடி பார்த்தேன். அங்கே கூச்சம் இல்லை. கண்ணாடி தெளிந்து கிடந்தது.

தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல, ஆடி ஆடி, ஊதா நிறம் ஒன்று தெரிந்தது. அக்காவின் தாவணி. கொஞ்சம் கழித்து ஒரு கை வெளியே வந்து, எதையோ புரட்டியது. மறுபடி ஊதாவுக்குள் போனது. மறுபடி வந்தது. குனிந்திருந்ததால் தலையின் வகிடு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. நான் கை ஆட்டினேன். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். மண்டியில் வேலை பார்க்கிற ஒருவர் மூட்டையோடு ஏறி வரும் சத்தம் கேட்டது. இறங்கி ஓடி வந்தேன்.

சந்து தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன், பொய் சொல்வதென்று. பொய் சொன்னால் என்ன ஆகும் என்று குர்ஆன் ஓதுகிற இடத்தில் எங்களுக்கு விவரமாகவே சொல்லித் தந்திருந்தார்கள். அப்படியும் கடைக்குள் போனேன். பெரியத்தா, அத்தா, மாமா மூன்று பேரும் இருந்தார்கள்.

பெரியத்தா வாயைத் திறக்குமுன் அத்தா கேட்டார். "கண்ணு, அக்கா மூஞ்சி தெரிஞ்சுதா?"

"தெரியலீங்கத்தா."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேனுங்கத்தா. மூஞ்சி தெரியலை."

"கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்குது?" என்றார் பெரியத்தா.

"மொளகாய்ங்க" என்று சொல்லித் தும்மினேன். மாமா சிரித்துவிட்டார். பெரியத்தா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கொண்டு என்ன கேட்பாரோ என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து அத்தா எழுந்து, "தொழுகைக்கு நேரமாச்சு. குளிக்கணும் அண்ணே" என்றார். அன்று வெள்ளிக்கிழமை. பெரியத்தாவும் எழுந்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து நடு அறையில் பகல் விளக்கு இல்லை. வெயில் காலையில் மேற்குச் சுவரில் தொடங்கும், சுவரை விட்டுத் தரைக்கு இறங்கும், மத்தியானத்துக்குமேல் எதிர்ச் சுவரில் ஏறிப் போகும். அக்கா அதன் பின்னாலேயே பாயை நகர்த்திக்கொண்டு போவாள். வெயில் உரலைத் தொட்டால் அம்மா உலை வைப்பாள். மழைக்காலத்தில் வெளிச்சம் சாம்பல் நிறமாக இருக்கும், ஆனாலும் ஊசியில் நூல் கோக்கலாம். பெரியத்தாவும் கொஞ்ச நாளில் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தார். கடையில் சத்தமாக இருக்கிறது என்று சொல்லி அங்கே உட்காருவார். ஒருநாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓட்டுமேல இலை விழுந்து கெடக்குது, யாராச்சும் எடுத்துவிடுங்க" என்றார்.

மாமா வரும்போதெல்லாம் புத்தகம் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் அக்காவைப்போலப் பாதியில் நிறுத்தப்பட்ட பெண்கள் ஒருவர் இருவராக வந்து அவளிடம் உட்கார்ந்தார்கள். கல்யாணமாகிப் பொள்ளாச்சி போகும் வரை, மூன்று வருஷம், ஏழெட்டுப் பேருக்கு அவள் அந்த அறையில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

நான் மட்டும் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு தவித்தேன். பரீட்சையில் மார்க் குறைந்தால் அதனால்தான், காய்ச்சல் வந்தால் அதனால்தான். இந்த வீட்டுக்கு வெளிச்சம் என் பொய்யில்தான் வருகிறது என்று பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகிக் கோயமுத்தூரில் இருந்தபோது, அத்தா கண்ணை டாக்டரிடம் காட்டுவதற்காக வந்து என் வீட்டில் சில நாள் தங்கினார். பெரியத்தா அப்போது உயிரோடு இல்லை. ஒரு காலையில் டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அத்தா, அன்னைக்கு மண்டி மாடியிலிருந்து அக்கா தெரிஞ்சாளுங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நான் மூஞ்சியைத்தானே கேட்டேன். மூஞ்சி தெரியலைதானே?" என்றார்.

"தெரியலீங்க. கைதான் தெரிஞ்சுது."

"ஆமா. கையும் தாவணியும்தான் தெரியும். குனிஞ்சு படிக்கிற புள்ளைக்கு மூஞ்சி எங்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அந்தப் பதில் எனக்கு உறைத்தது. புகையிலை வாங்கப் போனவர் எங்கே போயிருக்கிறார் என்று எட்டு வயதில் நான் யோசித்ததில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசத் தெரியாத, அவரிடம் பொய்யும் சொல்லமாட்டாத அந்த மனிதர், எனக்கு முன்னால் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறார். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தன் மகளின் கை ஒரு பக்கத்தைப் புரட்டுவதையும் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாரோ.